வழிப்போக்கர் இப்னு பதூதா

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு விட்டது. வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்று விட்டது. கொல்லைப் பக்கத்திலிருந்து வரும் மணம் தேக்சா இறக்கப்பட்டு விட்டதையும் அறிவிக்கிறது. இந்த நேரத்தில் பேச எழுகிறவன் நிலைமை என்ன என்பதை நான் அறிவேன். "ஏதேனும் வரலாறு சொல்லுங்கள்" என்று செயலாளர் தம்பி கேட்டுக் கொண்டார். ஒரு வழிப்போக்கரின் வரலாற்றைச் சொல்கிறேன். அதன் முடிவில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் வைக்கப் போகிறேன். கோரிக்கை சிறியது.

நம் செந்துறையில் நின்று மலை பார்க்க ஆசைப்பட்டால், பெரம்பலூரையும் தாண்டி மேற்கே பச்சைமலை வரை போக வேண்டும். நாம் சமவெளிக்காரர்கள். ஆனால் இன்று நம் மஹல்லாவில் வெளிநாடு சென்று வராத வீடுகள் குறைவு. திருச்சியில் விமானம் ஏறுகிற பிள்ளை நான்கு மணி நேரத்தில் துபாயில் இறங்கி விடுகிறான். ஏறிய இடத்தில் ஒரு கதவு, இறங்கிய இடத்தில் ஒரு கதவு. நடுவில் உள்ள ஊர்கள் அவனுக்குத் தெரியாது. நான் சொல்லப் போகிறவருக்கோ நடுவில் உள்ள ஊர்கள்தாம் வாழ்க்கையாயின.

மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. ஹஜ்ஜுக்காக 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹிஜ்ரி 725 ரஜப் பிறை இரண்டில், வீட்டை விட்டுப் புறப்பட்டார். வயது இருபத்தொன்று. துணைக்கு ஆளில்லை, சேர்ந்து செல்ல வணிகக் கூட்டமும் இல்லை. தாயும் தந்தையும் உயிரோடிருந்தார்கள். ஓர் ஆண்டில் திரும்பி விடுவான் என்றே அவர்கள் நினைத்திருக்க வேண்டும். அவர் முதன்முறையாக மொராக்கோவுக்குத் திரும்பியது 1349ஆம் ஆண்டில். அப்போது பெற்றோர் இருவரும் இல்லை. தாயார் அந்தச் சில மாதங்களுக்கு முன்புதான், உலகெங்கும் பரவிய கொள்ளை நோயில், காலமாகியிருந்தார்.

மாவீரர்களைப் பற்றிப் பேசுவது போல இவரைப் பற்றிப் பேசுவோர் உண்டு. புறப்பட்ட சில மாதங்களில் நடந்த ஒன்றை அவர்கள் சொல்வதில்லை. நோயும் களைப்புமாக அவருடைய கூட்டம் துனீஸ் நகரை அடைகிறது. ஊர் மக்கள் எதிர்கொண்டு வந்து, தமக்குத் தெரிந்தவர்களை எல்லாம் கட்டித் தழுவி ஸலாம் சொல்கிறார்கள். இவரை அறிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. இவருக்கு ஸலாம் சொல்ல ஆளில்லை. அந்த இருபத்தொரு வயது இளைஞர் நின்ற இடத்தில் அழுது விட்டார். உடன் வந்த ஹஜ் பயணி ஒருவர் காரணத்தை உணர்ந்து அருகே வந்து, ஸலாம் சொல்லி, நகருக்குள் நுழையும் வரை பேச்சுக் கொடுத்துக் கொண்டே வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் பயண நூலைச் சொல்லி எழுதுவித்தபோதும் அந்த ஒரு ஸலாமை அவர் மறக்கவில்லை.

இந்த இளைஞர் எப்படி முப்பது ஆண்டுக்காலம் வழியில் வாழ்ந்தார்? பணம் எங்கிருந்து வந்தது? உணவு யார் கொடுத்தார்? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. சுல்தான்களும் அமீர்களும் அன்பளிப்பு வழங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் எல்லா ஊரிலும் சுல்தான் இருப்பதில்லையே! பெரும்பாலான இரவுகளில் அவருக்குச் சோறும் கூரையும் தந்தவை வழிப்போக்கருக்கென்றே முன்பின் அறியாத யாரோ ஒருவர் எழுதி வைத்துப் போன வக்ஃபுகளும் ஸாவியாக்களும்தான்.

காஹிரா, அதாவது கெய்ரோ நகரத்துத் தங்குமடங்களின் ஒழுங்கை அவர் விரிவாகச் சொல்கிறார். புதிதாக வரும் துறவி வாசலில் நிற்பாராம். இடுப்பு வரிந்து கட்டியிருக்கும். தோளில் தொழுகை விரிப்பு, வலக்கையில் கோல், இடக்கையில் நீர்க் கெண்டி. வாயில் காப்போர் உள்ளே சென்று சொல்ல, பொறுப்பாளர் வந்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர், வழியில் எங்கெங்கே தங்கினீர், உம் ஆசிரியர் யார் என்று விசாரிப்பார். பதில் சரியாக இருந்தால் உள்ளே இடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கிண்ணத்தில் உணவு, குளிர்காலத்துக்கு ஓர் ஆடை, கோடைக்கு ஓர் ஆடை, துணி துவைக்கச் சோப்பு, குளியலறைக் கட்டணம், விளக்குக்கு எண்ணெய், வாரம் ஒருமுறை சர்க்கரை. எழுதி வைத்தவர் சோப்பையும் மறக்கவில்லை பாருங்கள்!

திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் நகருக்கு 1326ஆம் ஆண்டில் வந்தார். அங்கே வக்ஃபுகள் எண்ணிலடங்காதவை. ஹஜ் செய்ய இயலாதோர் சார்பில் ஹஜ் செய்விக்க ஒன்று. ஏழைப் பெண்களை மணமகளாக்கி அனுப்ப ஒன்று. சிறைப்பட்டோரை மீட்க ஒன்று. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் சொந்த ஊர் திரும்பச் செலவும் கொடுக்க ஒன்று. தெருவுக்குக் கல் பாவ ஒன்று. ஒருநாள் சந்து ஒன்றில் அவர் போய்க் கொண்டிருக்கையில், ஓர் அடிமைச் சிறுவன் கையிலிருந்த சீனப் பீங்கான் தட்டைத் தவற விட்டு உடைத்து விட்டான். கூட்டம் கூடியது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டு பாத்திர வக்ஃபுப் பொறுப்பாளரிடம் போ என்றார் ஒருவர். அவரே உடன் சென்றார். துண்டுகளைக் காட்டியதும், அதே போன்ற தட்டு வாங்கும் அளவுக்குப் பணம் கிடைத்தது. வெறுங்கையோடு வீடு திரும்பியிருந்தால் எசமானன் அந்தச் சிறுவனை அடித்திருப்பான். உடைந்த மனத்தை ஒட்ட வைக்கும் தர்மம் என்று நம் பயணி அதை வியக்கிறார். அடிமை முறையே இல்லாதிருந்தால் இந்த வக்ஃபுக்குத் தேவை இருந்திராது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் தம் காலத்து மனிதர். தாமும் அடிமைகளை வாங்கியவர். அதையும் சேர்த்தே சொல்லி விடுகிறேன்.

பேரூர்களின் வக்ஃபு இவ்வளவு என்றால், பொருள் படைத்தோர் இல்லாத மலையூர்களில் என்ன செய்தார்கள்? இன்றைய துருக்கியான அனத்தோலியாவுக்கு அவர் 1330களின் தொடக்கத்தில் சென்றார். அன்தாலியா நகரில், பழைய உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து அவரையும் உடனிருந்தோரையும் விருந்துக்கு அழைத்தார். அவர் போன பின், "பாவம், ஏழை போலிருக்கிறதே, நமக்கெல்லாம் விருந்தளிக்க அவரால் ஆகுமா?" என்று இப்னு பதூதா கவலைப்பட்டார். கேட்டவர் சிரித்தார். வந்தவர் செருப்புத் தைப்பவர். ஆனால் பல தொழில் செய்யும் இருநூறு பேர் கொண்ட 'அகி' என்னும் தோழமைக் கூட்டத்தின் தலைவர். அவர்கள் சேர்ந்து ஒரு தங்குமடம் கட்டியிருக்கிறார்கள். பகலில் உழைத்த காசை மாலையில் தலைவரிடம் கொண்டு வந்து கொடுப்பார்கள். அன்றைக்கு வழிப்போக்கர் வந்திருந்தால் அந்தக் காசு அவருக்கு விருந்து. யாரும் வராவிட்டால் அவர்களே கூடி உண்பார்கள். மறுநாள் காலை மறுபடி வேலைக்குப் போவார்கள்.

லாதிக் என்ற ஊரில் நடந்தது இன்னும் சுவையானது. கடைத்தெருவில் நுழைந்ததும் சிலர் கடைகளிலிருந்து இறங்கி வந்து இவர்களுடைய குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் ஓடிவந்து அவர்களைத் தடுத்தனர். வாக்குவாதம் முற்றிக் கத்தியும் வெளியே வந்து விட்டது. துருக்கி மொழி தெரியாத நம் பயணி கொள்ளையர் என்றே எண்ணி நடுங்கினார். பிறகு அரபு தெரிந்த ஹாஜி ஒருவர் விளக்கினார். இரண்டு அகிக் கூட்டத்தார். விருந்தாளி யாருக்கு என்பதுதான் சண்டை! சீட்டுப் போட்டு, முதலில் ஒரு கூட்டத்தாரிடமும் பின்னர் மற்றவரிடமும் தங்கினார்கள்.

தாய்மார்கள் கவனிக்க ஒன்று உண்டு. அந்த நாட்டில் வாரத்துக்கு ஒருநாள்தான் ரொட்டி சுடுவார்களாம். அன்று ஆண்கள் சூடான ரொட்டியை ஏந்தி வந்து, பெண்கள் இதை அனுப்பினார்கள், துஆச் செய்யச் சொன்னார்கள் என்று கொடுப்பார்களாம். புறப்படும்போது சொந்தக்காரர் பிரிவது போல் அந்தப் பெண்கள் கண்ணீர் விட்டதாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களின் பெயர்கள் நூலில் இல்லை. ரொட்டி இருக்கிறது.

அங்கிருந்து கருங்கடலைத் தாண்டி வடக்கே, தார்த்தாரியரின் புல்வெளி நாடு. அந்தக் குளிரை நாம் கற்பனை செய்வதும் அரிது. மூன்று மென்மயிர் அங்கிகள், இரண்டு காற்சட்டைகள், ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று காலுறைகள். நெருப்பருகே அமர்ந்து வெந்நீரில் உளூச் செய்தாலும் சொட்டும் நீர் அந்தக் கணமே உறையும்; முகம் கழுவினால் தாடியில் பனி கட்டும்; உதறினால் பனித்துகளாக உதிரும். உடையின் பாரத்தால் தாமாகக் குதிரை ஏற முடியாமல் தோழர்கள் தூக்கி வைத்தார்களாம். மார்கழிப் பனியில் ஃபஜ்ருக்கு வர நாம் சொல்லும் காரணங்களை இங்கே நினைவுபடுத்த மாட்டேன்.

குவாரிஸ்ம், புகாரா, ஸமர்கந்து, பல்கு. ஒரு நூற்றாண்டுக்கு முன் செங்கிஸ்கானின் படை மிதித்த நகரங்கள் இவை. பல்கு அப்போதும் ஆளில்லாத இடிபாடாகவே கிடந்தது. பிறகு இந்துகுஷ் மலை. குந்தூஸ் பகுதியில் ஏறத்தாழ நாற்பது நாள் தங்கி விட்டார்கள். ஒட்டகங்களுக்கும் குதிரைகளுக்கும் மேய்ச்சல் வேண்டும் என்பது ஒரு காரணம்; மலையில் பனி இளக வேண்டும் என்பது மற்றொன்று. அவர் கடந்தது காவக் கணவாய் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அது ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். விடியுமுன் ஏறத் தொடங்கி அந்தி சாயும் வரை நடந்தார்கள். ஒட்டகத்தின் கால் பனியில் புதையாதிருக்க, முன்னால் கம்பளி விரிப்புகளைப் போட்டு, அது மிதித்துத் தாண்டியதும் எடுத்து மறுபடி முன்னால் போட்டு, இப்படியே மலையைக் கடந்தார்கள். இன்று அந்த மலைத்தொடரின் அடியில், சலாங் என்னுமிடத்தில், 1964இல் திறந்த சுரங்கச் சாலை இருக்கிறது; லாரிகள் போகின்றன.

ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாள், 1333 செப்டம்பரில், சிந்து நதியை அடைந்தார். தில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் காழியாகப் பணியாற்றியது, கடன்பட்டது, சுல்தானின் சினத்துக்கு அஞ்சி ஒதுங்கியது, சீனத் தூதராகப் புறப்பட்டுக் கள்ளிக்கோட்டைக் கடலில் எல்லாம் இழந்தது, மாலத்தீவில் காழியானது ஆகியவை தனிக்கூட்டம் போட்டுப் பேச வேண்டியவை. நேரே நம் பக்கம் வந்து விடுகிறேன்.

1344ஆம் ஆண்டு வாக்கில் மாலத்தீவிலிருந்து மஅபர் என்னும் தமிழகக் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளியது. புத்தளத்தில் இருந்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீக மொழி அறிந்தவர், முஸ்லிம் அல்லர். என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதம் மலையைக் காண வேண்டும் என்றார் இப்னு பதூதா. மன்னர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தம் ஆட்கள் பதின்மர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரை உடன் அனுப்பினார். அட்டைகள் நிறைந்த காடு. எலுமிச்சைச் சாறு பிழிந்து அவற்றை உதறினார்கள். உச்சியருகே பாறையில் சங்கிலி பிடித்து ஏறினார்கள். யோகிகளும் பிராமணரும் முன்னே செல்ல, ஒரு முஸ்லிம் பயணி பின்னே செல்ல, ஒரே மலை. அன்று அந்தப் பாதையில் யாரும் யாரையும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் தமிழகக் கரையை நெருங்கும்போது கப்பல் தரைதட்டி உடைந்தது. உடன் வந்த பெண்களையும் தோழர்களையும் மரத் தெப்பத்தில் முன்னே அனுப்பி விட்டு, இரவெல்லாம் உடைந்த கப்பலின் பின்பகுதியிலேயே இருந்தார். காலையில் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டார்கள். பெயர் தெரியாத தமிழர்கள் அவர்கள்.

அப்போது மதுரையில் ஆட்சி செய்தவர் கியாஸுத்தீன் தாமகானி. இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணின் சகோதரிதான் அந்தச் சுல்தானின் மனைவி. சகலை முறை. கப்பல் உடைந்து வந்தவருக்குக் குதிரையும் உடையும் உபசாரமும் கிடைத்தன. ஒரு வழிப்போக்கருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்தப் பயணத்தில் அவர் கண்டதைக் கேளுங்கள். படை ஒரு காட்டை வெட்டி வழி செய்து கொண்டு சென்றது. காட்டில் அகப்பட்ட முஸ்லிமல்லாத குடிமக்களைக் கைதாக்கி, கூராக்கிய மரக்கழுக்களை அவர்கள் தோளிலேயே சுமக்க வைத்து, மறுநாள் காலை அந்தக் கழுவில் அவர்களையே ஏற்றினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். ஒருநாள் சுல்தானுடன் இவர் உணவருந்திக் கொண்டிருந்தபோது, ஒரு மனிதனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டு வந்தார்கள். வெட்டச் சொல்லிச் சைகை வந்தது. இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக் கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன.

இதை அவர் மறைக்கவில்லை. வேறெந்த மன்னரிடமும் கண்டிராத கொடுமை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். செய்தவர் முஸ்லிம் மன்னர், உறவினர், சோறு போட்டவர் என்று எதையும் அவர் பார்க்கவில்லை. நம் வரலாற்றுப் பெருமை பேசும் மேடைகளில் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டி விடுகிறோம். அவர் நம்மைவிட நேர்மையாக இருந்தார். அந்தச் சபையிலேயே எழுந்து தடுத்திருக்கக் கூடாதா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அவர் வாய் திறக்கவில்லை. பத்தாண்டு கழித்து ஃபாஸ் நகரில் சொல்லி எழுதுவித்தபோதுதான் திறந்தார். அவர் எழுதியிராவிட்டால் அந்த ஏழு வயதுப் பிள்ளைக்குச் சாட்சியே இருந்திராது.

மதுரை நகரம் அகன்ற தெருக்களுடன் தில்லியை ஒத்திருந்தது என்கிறார். ஆனால் அவர் போனபோது அங்கே கொள்ளை நோய். பீடிக்கப்பட்டவர் இரண்டு மூன்று நாளில் இறந்தனர். சுல்தானின் மகனும் மனைவியும் தாயும் இறந்தனர். பின்னர் சுல்தானும் இறந்தார். பயணிக்கும் கடும் காய்ச்சல் கண்டது. பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார். காப்பாற்றியது எது தெரியுமா? நம் புளி! அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியில் ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்துக் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று; காய்ச்சல் நின்றது. உலகம் சுற்றியவரை நம் வீட்டு அடுக்களைப் பானை காப்பாற்றியிருக்கிறது.

ஃபாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு ஜுஸை என்னும் எழுத்தாளர் இவர் சொல்லச் சொல்ல எழுதி, 1355ஆம் ஆண்டு இறுதியில் நூல் நிறைவுற்றது. அதில் உள்ள அனைத்தும் அப்படியே உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். டமாஸ்கஸ் வருணனையில் பெரும்பகுதி, முன்னர் வாழ்ந்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தது. பல்கார் நகருக்குப் போனதாகச் சொல்வதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. இருப்பினும் தங்கிய இடங்களையும் உபசரித்தவர்களையும் பற்றி அவர் சொல்வதில் ஒரு நன்றி தெரிகிறது. அது இரவல் வாங்கக் கூடியதன்று.

இனி என் கோரிக்கை. ஸகாத் பெற உரிமையுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரும் உண்டு என்பதைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது. நம் தமிழ் மண்ணும் இதை அறிந்ததே. ராணி மங்கம்மாளின் சத்திரங்களும், சாலையோரச் சுமைதாங்கிக் கற்களும், கோடையில் தண்ணீர்ப் பந்தலும் வேறு எதற்கு? நான் பல ஊர்ப் பள்ளிவாசல்களில் முஸாஃபிர் அறையைப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர்கள் வேண்டாம். கதவைத் திறந்தால் கல்யாணத் தேக்சாக்கள், மடக்கு நாற்காலிகள், பழைய ஒலிபெருக்கி, கிழிந்த பாய்கள். முஸாஃபிரைத் தவிர எல்லாம் இருக்கும்.

1987ஆம் ஆண்டு டிசம்பரில், வடநாட்டு நகரம் ஒன்றில் ரயிலைத் தவற விட்டு, மொழி தெரியாமல் நின்றவன் நான். ஒரு சிறு பள்ளிவாசலின் முதியவர், ஒரு கேள்வியும் கேட்காமல் அறையைத் திறந்து, தாம் போர்த்தியிருந்த ரஜாயை எனக்குக் கொடுத்தார். அவர் பெயரைக் கேட்க வேண்டும் என்பதுகூட எனக்கு அன்று தோன்றவில்லை.

இன்று அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் வடமாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். இரவு ரயிலில் வந்திறங்கும் பிள்ளைக்கு நம் மொழி தெரியாது; துனீஸ் நகர வாசலில் நின்ற இளைஞரின் வயதுதான் இருக்கும். பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறை அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். நான்கு பாய், நான்கு போர்வை, ஒரு மின்விசிறி, ஒரு வாளி, ஒரு குடம் குடிநீர். காஹிராக்காரர்களைப் போல ஒரு சோப்பும் இருக்கட்டும். வருகிறவர் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவேட்டில் எழுதட்டும். மூன்று இரவு வரை தங்கட்டும். எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். சாவி மோதினாரிடம் இருக்கட்டும்; இரவில் அவரை எழுப்பினால் அவருக்கு ஒரு சிறு தொகை மாதந்தோறும் கூடுதலாக வழங்கப்படட்டும். முதல் ஆண்டுச் செலவை நான் ஏற்கிறேன். தேக்சாக்களை எங்கே வைப்பது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அதற்கு நிர்வாகக் குழுதான் வழி சொல்ல வேண்டும்.